எண்ணெய் போடாத கப்பி

கடைசியாக அடித்த புயலில் எங்கள் தெருக் கோயில் வேம்பு கிணற்றடிப் பக்கமாகச் சரிந்து விழுந்தது. அதை அரிந்து ஏற்ற ஆள் கிடைக்காமல் நெடுநாள் தெருவை மறித்துக்கொண்டு கிடந்தது. ஊருக்குள் திரிகிற மான்கள்கூட அதன் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் பஸ் நிலையத்துப் பக்கம் போய்விட்டன. அந்த மரம் எடுபட்ட பிறகுதான் வாசிகசாலையில் கதை சொல்லும் கூட்டம் தொடங்கியது. எப்போது என்று கேட்டால் எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்.

எனக்கு எழுத வராது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலம் முழுவதும் பெருவிரலை ஊன்றித்தான் சம்பளம் எடுத்தேன். நான் சொல்வதை டீச்சர் எழுதுகிறார். என் பேச்சை அவர் கொஞ்சம் திருத்தமாகப் போடுவார். ஒருவருடைய பேரும் போடக் கூடாது என்று மட்டும் கேட்டிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் தெரு துறைமுக மதிலுக்கு இந்தப் பக்கம். கப்பல் ஊதினால் குசினியில் தட்டுகள் அதிரும். தெருவின் நடுவில் பொதுக்கிணறு. கடல் இவ்வளவு கிட்ட இருந்தும் உப்புக் கரிக்காத தண்ணீர். குழாய் வந்த பிறகும் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் அதைத்தான் அள்ளுகிறோம். வேம்பு விழுந்தபோது கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் உடைந்தது. கப்பி தொங்குகிற தூண்கள் இரண்டும் அசையவில்லை. அந்தக் கப்பியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கயிற்றை இழுத்தால் பச்சைப்பிள்ளை வீரிட்டு அழுகிற மாதிரிச் சத்தம் போடும். தெருவின் இந்தத் தலையில் இருந்து அந்தத் தலை வரைக்கும் கேட்கும்.

டீச்சர் எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர். இப்போது நகரத்தில் படிப்பிக்கிறார். பழைய ஆட்களின் கதையை எல்லாம் போனில் பதிந்து, பிறகு புத்தகமாகப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதல் கூட்டத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டு இருத்திவிட்டுச் சொன்னார்:

“நீங்கள் எல்லாரும் போறதுக்கு முதல் இதுகளைக் கேட்டு வைக்கோணும்.”

சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற நானா உடனே கேட்டார்: “போறதுக்கு முதலா? எங்கள அனுப்பி வெக்கத்தானா டீச்சர் இந்த வடையும் தேத்தண்ணியும்?”

நானா கிண்ணியாக்காரர். பாலம் வருவதற்கு முன்பு அங்கே வாகனங்களையும் ஆட்களையும் கடக்க வைக்கிற ‘பாதை’ என்ற தோணியில் வேலை செய்தவர். சண்டை கொஞ்சம் ஓய்ந்த காலத்தில்தான் எங்கள் சந்திக்கு வந்து கடை போட்டார். அன்று முழுக்க அவர்தான் கதைத்தார். கலியாண வீட்டுக்குக் கொண்டுபோன கிடாய் பாதையில் இருந்து குதித்து, மாப்பிள்ளையே உடுப்போடு குதித்து அதைப் பிடித்த கதை. கிடாயைப் பிடித்தாரா, கிடாய் அவரைப் பிடித்ததா என்று பெண்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பக்கத்தில் இருந்த என் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளைத் தனியே வீட்டில் விட ஏலாது. கொஞ்சக் காலமாக நினைவு குழம்புகிறது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. அடுப்பில் உலை கொதிக்க, அரிசி போட்டேனா என்று என்னிடம் கேட்பாள். ஆனால் பழையது எல்லாம் கிணற்றில் ஊறுகிற மாதிரி ஊறி வருகிறது. முன்பு எதையும் வெளியே விடாத வாய் அது. தெருவில் ஆர் கேட்டாலும் “எனக்குத் தெரியாது” என்பாள். அவ்வளவு காலமும் அந்த வாய்க்குப் போட்டிருந்த தாழ்ப்பாள் இப்போது கழன்றுவிட்டது. எங்கே, ஆருக்கு முன்னால், எதைச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் கூட்டத்தில் டீச்சர் பழைய சத்தங்களைப் பற்றிக் கேட்டார். ஒருவர் கப்பல் ஊதுவதைச் சொன்னார். ஒருவர் பள்ளிவாசல் பாங்கும் மாதா கோயில் மணியும் ஒன்றாகக் கேட்கிற பின்னேரத்தைச் சொன்னார். பாண்காரனின் சைக்கிள் ஹோர்ன் வந்தது. அப்போதுதான் நான் பின்வரிசையில் அந்த ஆளைக் கண்டேன். எங்கள் தெருவில் முன்பு காணாத முகம். ஒட்ட வெட்டின தலைமயிர். கோடு போட்ட சேட்டை உள்ளே விட்டு, பட்டி கட்டி, சப்பாத்துப் போட்டிருந்தான். மடியில் ஹெல்மெட். ஒருவரோடும் கதைக்கவில்லை. போனை நோண்டுவதும் நிமிர்ந்து கேட்பதுமாக இருந்தான். இப்படிப்பட்ட ஆள் கூட்டத்தின் பின்னால் வந்து இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சி.ஐ.டி. என்றுதான் நினைத்தேன்.

நானா அவனைப் பொருட்படுத்தவில்லை. கையை உயர்த்திக்கொண்டு தொடங்கினார்:

“எல்லாத்தையும் உடுங்க. இந்தத் தெருவுக்கு ஒரு சத்தந்தான். கிணத்துக் கப்பி. மவுத்தானவனும் எழும்பி உக்காருவான். என்ட கடையில எண்ணெய் இரிக்கி, சும்மா தாறன், ரெண்டு சொட்டு உடுங்கண்டு எத்தின தரம் சொன்ன. இந்தா இரிக்கிற தங்கச்சி வாளியத் தூக்கிட்டு அடிக்க வந்தவ.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் போனை என் மனைவியின் பக்கம் திருப்பினார்.

“ஏனம்மா எண்ணெய் போட விடேல்லை?”

அவள் வாயைத் திறந்தாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். அந்த நாளில் சுற்றிவளைப்பு என்று ஒன்று இருந்தது. ஆமி வாகனங்கள் சந்தியில் திரும்பும். ஆண்களை எல்லாம் வெயிலில் இருத்தி, முகத்தை மூடிய ஒருவனுக்கு முன்னால் நடத்துவார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆள் போய்விடுவான். சந்தி தெரிகிற இடம் கிணற்றடி ஒன்றுதான். அங்கே நிற்கிற பெண் வாகனத்தைக் கண்டால் கத்த ஏலாது, ஓட ஏலாது. தண்ணீர் அள்ளலாம். அதைத்தான் செய்தார்கள். வாளியை இறக்கி, ஏற்றி, ஊற்றாமல் திரும்ப இறக்கி, விடாமல் இழுப்பார்கள். கப்பி விடாமல் அழுதால் ஆண்கள் பின்வேலியால் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள். இதை ஒருவரும் கூடிக் கதைத்து முடிவு செய்யவில்லை. கிணற்றைச் சுற்றி இருந்த சில வீடுகளுக்குள் அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது. எண்ணெய் போடாமல் விட்டதும் அப்படித்தான். ஒரு வீட்டுக்காரரும் அதை வெளியே சொன்னதில்லை.

மனைவியின் தம்பி இலங்கைத்துறையில் கடல் தொழில் செய்தவன். கருவாடு விற்க வந்து எங்கள் வீட்டில் தங்கினான். அவனுக்கு இந்த வழக்கம் தெரியாது. அக்காவின் உள்ளங்கை கயிறு இழுத்துக் கொப்பளித்திருப்பதைக் கண்டான். படகு இயந்திரத்துக்குப் பூசுகிற கிறீஸ் அவனுடைய பைக்குள் இருந்தது. மத்தியானப் பூசைக்கு அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் அதைக் கப்பிக்குப் பூசினான். பூசிவிட்டுப் பின்வளவில் பாயைப் போட்டுப் படுத்தான். அக்காவுக்கு ஒரு நல்லது செய்த சந்தோசத்தோடு படுத்திருப்பான்.

பின்னேரம் வாகனம் திரும்பியது. கிணற்றடியில் நின்றது என் மனைவி. வாளியை இறக்கினாள். கப்பி வாய் திறக்கவில்லை. இழுத்தாள், இறக்கினாள், இழுத்தாள். தண்ணீர் அலம்புகிற சத்தம் மட்டும்தான். நான் துறைமுகத்துக்குள் வேலையில் நின்றேன். “விசாரிச்சிட்டு விடுறம்” என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அதன் பிறகு அவன் வரவில்லை.

அதனால்தான் ‘விசாரணை’ என்ற சொல்லைக் கேட்டால் நான் எழும்பிப் போய்ப் படலையைச் சாத்திவிடுவேன். கப்பியை இழுத்தது ஆர், ஆருக்காக இழுத்தாய் என்று ஒருவன் கேட்டு, இவள் “நான்தான்” என்று சொன்னால் என்ன ஆகும்? இந்த வயதிலும் கூட்டிக்கொண்டு போவார்களா? போனால் திரும்ப விடுவார்களா? சண்டை முடிந்து எவ்வளவு காலம் என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். எனக்கு அந்தக் கணக்கு விளங்காது.

அவள் வாயைத் திறந்தாள் என்று சொன்னேன் அல்லவா. அவளுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

“எண்ணெய் தண்ணிக்குள்ள ஊத்துண்டுடும், டீச்சர். குடிச்சா வயித்துக்கு ஆகாது. அதுதான்.”

நானா விடவில்லை. “எண்ணெய் வயித்துக்கு ஆகாதா? அப்ப நேத்து என்ட கடையில எண்ணெய் ஒழுக ஒழுக வடை திண்டது ஆரு?”

திரும்பவும் சிரிப்பு. பின்வரிசை ஆளும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் என்னை இன்னும் பயப்படுத்தியது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கோபமாகச் சொன்னாள்:

“ஏன் பொய் சொல்லுறியள்? எண்ணெய் போட்டா பிள்ளையளுக்குக் கேக்காது.”

“எந்தப் பிள்ளையளுக்கு அம்மா?” என்று டீச்சர் கேட்டார். பின்வரிசை ஆள் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“எழும்பும், வீட்ட போவம். இவவுக்குத் தலைச்சுத்து” என்று சொல்லிக் கையைப் பிடித்து எழுப்பினேன். இழுத்தேன் என்றே சொல்லலாம். வழி முழுக்க அவள் அழுதுகொண்டு வந்தாள்.

“எல்லாரும் கதைக்கினம். என்னை மட்டும் ஏன் கதைக்க விடுறியள் இல்லை?”

நான் கையை விடாமல் நடந்தேன்.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் படலைக்கு முன்னால் நின்றது. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். அதே ஆள். மனைவி குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்குப் போனேன்.

“அம்மா நிக்கிறாவோ, ஐயா?”

“இல்லை. மகளின்ர வீட்ட போட்டா. கொழும்புக்கு. எப்ப வருவாவோ தெரியாது.”

குசினிக்குள் இருந்து குரல் வந்தது: “ஆரப்பா அது? வெயிலுக்க நிக்க விடாமல் உள்ள வரச் சொல்லுங்கோ.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான்: “பரவாயில்லை ஐயா. நான் அந்தக் கிணத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்.”

யன்னல் நீக்கலுக்குள்ளால் பார்த்தபடி நின்றேன். அவன் கிணற்றுக் கட்டில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை உயர்த்திக் கப்பியை என்னவோ செய்தான். படம் எடுக்கிறான் என்று நினைத்தேன். எங்கள் கப்பியின் படத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, இது என்ன என்று இவளைக் கேட்பார்கள். அவன் போன பிறகும் நான் கதவைத் திறக்கவில்லை. வாடகைக்கு இருக்கிற ஆள் போல எங்கள் வீட்டுக்குள்ளேயே மெல்ல நடந்தேன்.

பின்னேரம் நான் முகம் கழுவப் போன நேரம் அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். கப்பியின் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல் கேட்டது.

“கப்பி சத்தம் போடுகுதில்லை. பிள்ளையள், எழும்பி ஓடுங்கோ. கப்பி சத்தம் போடுகுதில்லை.”

தெரு முழுக்க ஓடினாள். சொல்லிச் சொல்லிக் கதவு கதவாகத் தட்டினாள். வாளி கையிலேயே இருந்தது. இளம் ஆட்கள் என்ன ஏது என்று வெளியே வந்து நின்றார்கள். எதிர்வீட்டுக் கிழவர் என்னை விட மூத்தவர். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சிரிக்க வேண்டாம். அந்த நேரம் நான் எங்கே நின்றேன் தெரியுமா? என் பின்வேலியில். ஒரு கால் கம்பிக்கு மேலே. எப்படி அங்கே போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. கால் தானாகப் போயிருக்கிறது. சாரம் கம்பியில் மாட்டிக் கிழிந்த பிறகுதான், எங்கே ஓடுகிறேன், அவளை விட்டுவிட்டு எங்கே ஓடுகிறேன் என்று நினைவு வந்தது.

சந்தியில் நானா அவளை மறித்து வைத்திருந்தார். “தங்கச்சி, இஞ்ச ஒருத்தரும் வரல்ல. பாருங்க, ரோட்டுல ஒரு ஆடு மட்டுந்தான் நிக்கி.” அவள் கேட்கவில்லை. நான் போய்ப் பிடித்தேன்.

“தம்பி பின்வளவில படுத்திருக்கிறான். எழுப்பிவிடுங்கோ. கெதியா.”

“அவன் போட்டான்.”

“எங்க?”

“வேலியால கடற்கரைக்கு. நான் பாத்தனான்.”

“சத்தம் கேட்டதோ அவனுக்கு?”

“ஓம். கேட்டது.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். நானா எங்களோடு வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து என்னையே பார்த்தார். அன்றைக்குத்தான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றிவளைப்பு, கப்பி, கிறீஸ், பின்வரிசை ஆள், எல்லாம். கேட்டு முடிய அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“யா அல்லாஹ். அந்த ஆளா? அவன் சல்லி ஊர்ப் பொடியன். தண்ணி மோட்டர் திருத்துறவன். வாசிகசாலை மோட்டருக்குள்ள புயலுக்குத் தண்ணி போய், திருத்த வந்து, மோட்டர் ரூம் தொறப்பு, அந்தச் சாவி வரட்டுமெண்டு குந்திட்டு இருந்தவன். தலை மொட்ட சல்லி அம்மனுக்கு நேத்தி வெச்சு அடிச்சது. என்ட பிரிட்ஜையும் அவந்தான் திருத்தின.”

“அப்ப கிணத்தடியில என்ன செய்தவன்?”

நானா எழும்பிப் போய்க் கப்பியைத் தடவிவிட்டு வந்தார். விரல் கறுப்பாக இருந்தது. கிறீஸ்.

அடுத்த நாள் அந்தப் பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. கூட்டத்தில் கேட்டது அவனுக்கு ஒரு பகிடியாகத்தான் பட்டிருக்கிறது. ஒரு வயதான அம்மா இவ்வளவு காலமும் இறுகின கப்பியை இழுக்கிறா, காசு வாங்காமல் செய்துகொடுப்போம் என்று வந்திருக்கிறான். மனைவியின் தம்பி நினைத்த அதே நினைப்பு. அந்த ஒற்றுமையைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அது தேவையில்லை.

“திரும்பச் சத்தம் போட வைக்க ஏலுமோ, தம்பி?” என்று கேட்டேன்.

தலையைச் சொறிந்தான். “ஐயா, சத்தத்தை நிப்பாட்டச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுறவை. சத்தம் போட வைக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை.”

கப்பியைக் கழற்றி, அச்சாணியைப் பெற்றோலில் துடைத்தான். நானும் நானாவும் சவர்க்காரத் தூளும் கடல் மணலும் போட்டுத் தேய்த்தோம். திரும்ப மாட்டி இழுத்தால் ஒரு சின்ன முனகல் மட்டும்தான் வந்தது. “கறள் புடிக்கோணும். துருவேறினாத்தான் கத்தும்” என்று பொடியன் சொன்னான். அதன் பிறகு நானா விடியச் சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போது துறைமுகத்துப் பக்கம் இறங்கி ஒரு சோடாப் போத்தலில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். நான் கிணற்றுக் கட்டில் ஏற ஏலாததால் கீழே நின்று அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொள்ளுவேன். அவர் ஏறி ஊற்றுவார். தெருவில் போகிறவர்கள் கேட்டால், கப்பிக்கு வயிறு சரியில்லை, உப்புத் தண்ணீர் கொடுக்கிறோம் என்று சொல்லுவார்.

அந்த நாட்களில் என் மனைவி பகலில்கூடக் கண்ணை மூடவில்லை. வாசலில் கதிரையைப் போட்டுச் சந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கப்பி வேலை செய்யவில்லை என்றால் ஆரோ ஒருவர் கண்ணாலாவது பார்க்க வேண்டும் அல்லவா. ஓட்டோ ஒன்று திரும்பினாலும் எழும்பி நிற்பாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் பயந்தது பழையதுக்கு. நான் பயந்தது, அவள் இப்படியே காய்ந்து போய்விடுவாளே என்று. இவளை ஆரோ கொண்டுபோய்விடுவார்கள் என்று வாசலையே காத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளேயே அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட உடுப்புத் தோய்க்கத் தண்ணீர் அள்ளினாள். கப்பி முதலில் இருமியது. பிறகு வீரிட்டது. பழைய சத்தமேதான். மனைவி கதிரையில் நிமிர்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். சத்தம் நின்றது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரும்ப இழுக்கவில்லை.

“ஆரோ தண்ணி அள்ளுகினம்” என்றாள். உள்ளே போய்க் கட்டிலில் படுத்தாள். பின்னேரம் வரைக்கும் நித்திரை. நான் மூச்சு வருகிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் டீச்சரிடம் போய், நானே சொல்லுகிறேன், பதியுங்கள் என்றேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. நான் கதையை நிறுத்தியதை டீச்சர் கண்டார். இது அச்சில் வந்தால் ஆர் ஆர் வாசிப்பார்களோ என்ற யோசனையும் விடவில்லை. ஆனால் நான் வாயை மூடி வைத்திருந்ததால்தான் அந்த நல்ல பொடியன் கிறீஸோடு வந்தான். ஒருவரும் சொல்லாததால்தான் அவள் தம்பியும் பூசினான். எனக்குப் பிறகு இந்தத் தெருவில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே இதைக் கேட்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் தெருவுக்கு வந்தால், கிணற்றடியில் அந்தச் சத்தத்தைக் கேட்டால், வேண்டுமென்றால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அவள் இருக்கும் வரைக்கும் எண்ணெய் மட்டும் போடாதீர்கள். உங்களோடு வருகிறவருக்கும் சொல்லுங்கள். அவரை வேறு ஒருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல மனம் உள்ள ஆட்களைக் கண்டால் முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். எண்ணெயோடு வருகிறவர்கள் அவர்கள்தான்.